"90 நாளில் நிரந்தரத் தீர்வு, 100% கேரண்டி": மறுவாழ்வு மையத்தால் உண்மையில் எவ்வளவு பலன்? (காரைக்குடி சுற்றுவட்டாரம்)

ஊருணிக்கரை (கோட்டையூர்) கேட்டது:

எங்க மன்றத்துல ஒரு பக்க நோட்டீஸ் அடிச்சு வீடு வீடா குடுக்கலாம்னு இருக்கோம். குடி, கஞ்சா, வலி மாத்திரைன்னு எல்லாத் தெருவிலயும் இருக்கு. ஆட்டோ முதுகுல, கரண்ட் கம்பத்துல எல்லாம் ஒரே விளம்பரம்: "90 நாள் பேக்கேஜ், நிரந்தரத் தீர்வு, வாகன வசதி உண்டு". வீட்டுப் பொம்பளைங்க நகையை அடகு வெச்சுக் கட்டுறாங்க. ஆள் திரும்பி வந்து ஒரு மாசத்துல பழையபடி ஆகிடுறாரு. "சென்டர்ல போட்டாலும் திருந்தல"ன்னு பேர் வேற.

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. இந்த மையங்களால பலன் இருக்கா, இல்லையா? எத்தனை நாள் போதும்? டைல்ஸ் பட்டறையில வேலை பார்க்குற 45 வயசுக் குடிகாரருக்கும், 20 வயசுல வலி மாத்திரையைக் கரைச்சு ஊசி போடுற பையனுக்கும் ஒரே வைத்தியம்தானா? வண்டியில வந்து தூக்கிட்டுப் போறாங்களே, அது செல்லுமா? சாப்பாட்டுல கலந்து குடுக்குற பொடி வேலை செய்யுமா?

ஆற்றுப்படுத்துநர் (சிவகங்கை):

நோட்டீஸ்ல முதல் வரியா இதைப் போடுங்க: 100% கேரண்டின்னு எந்த விளம்பரத்துல பார்த்தாலும் அந்த நம்பரை ஒதுக்கிடலாம். எந்தச் சிகிச்சைக்கும் அப்படி ஒரு கணக்கு கிடையாது.

சதவீதம் எப்படித் தயாராகுதுன்னு பாருங்க. 100 பேர் சேர்ந்ததா வெச்சுக்குவோம். 30 பேர் பாதியில கிளம்பிட்டாங்க. மீதி 70 பேருக்கு ஆறு மாசம் கழிச்சுப் போன் பண்றாங்க, 25 பேர்தான் எடுக்குறாங்க. அதுல 20 பேர் "குடிக்கல"ன்னு சொல்றாங்க. மையம் விளம்பரத்துல 80% வெற்றின்னு போடும். சேர்ந்தவங்களை வெச்சுப் பார்த்தா கையில உறுதியா இருக்குறது 20%தான். போன் எடுக்காதவங்கள்ல பெரும்பாலானவங்க மறுபடி ஆரம்பிச்சவங்களாத்தான் இருப்பாங்க. அதனால மையத்துல கேக்க வேண்டிய கேள்வி "எத்தனை பேர் குணமானாங்க" இல்லை. "போன வருஷம் சேர்ந்த எல்லாரையும் கணக்குல எடுத்தா, ஒரு வருஷம் கழிச்சு எத்தனை பேர் உங்க தொடர்புல இருக்காங்க?"ன்னு கேளுங்க. பதில் சொல்லத் திணறினா புரிஞ்சுக்கலாம்.

சிகிச்சை எடுத்தவங்கள்ல 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி பயன்படுத்துறாங்கன்னு மருத்துவ உலகம் ரொம்ப நாளா ஒத்துக்கிட்ட கணக்கு. பயமுறுத்துற மாதிரி இருக்கும். ஆனா ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகள் மருந்தை விட்டு நோய் திரும்புற அளவும் கிட்டத்தட்ட இதேதான். அங்க நாம ஆஸ்பத்திரியைத் திட்டுறதில்லை, மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கிறோம். இங்க மட்டும் "திருந்தல"ன்னு ஆளையே கைவிட்டுடுறோம்.

சிகிச்சையில மூணு கட்டம் இருக்கு. முதல்ல நச்சு நீக்கம், 5 முதல் 10 நாள். நடுக்கம், வலிப்பு வராம உடம்பை நிலைப்படுத்துறது மட்டும்தான் இதோட வேலை. இதோட வீட்டுக்கு அனுப்பினா மறுபடி குடிக்கிறது கிட்டத்தட்ட நிச்சயம். மக்கள் "பத்து நாள் வெச்சிருந்து மருந்து குடுத்தாங்க, பலன் இல்லை"ன்னு சொல்றது பெரும்பாலும் இந்த முதல் கட்டத்தோட நின்னவங்களைத்தான். இரண்டாவது, தங்கிப் பெறும் உளவியல் சிகிச்சை, ஒரு மாசத்துலேர்ந்து மூணு மாசம். மூணாவதுதான் முக்கியம்: வெளியே வந்த பிறகு ஒரு வருஷத் தொடர் கவனிப்பு. முதல் மாசம் வாரம் ஒரு தடவை, அடுத்த ரெண்டு மாசம் 15 நாளுக்கு ஒரு தடவை, அப்புறம் மாசம் ஒண்ணு. நம்ம பக்கத்து மையங்கள்ல பணம் வாங்குறது ரெண்டாவது கட்டத்துக்கு. பலன் இருக்கிறது மூணாவதுல.

90 நாள்னு ஒரு எண் சுத்துதே, அதுக்கு அடிப்படை உண்டு. மூணு மாசத்துக்குக் குறைவான சிகிச்சைக்குப் பலன் குறைவுன்னு ஆய்வுகள் சொல்லுது. ஆனா அது சிகிச்சைத் தொடர்பு நீடிச்ச காலம். பூட்டி வெச்ச நாள்னு அர்த்தம் இல்லை. 10 நாள் உள்ளே இருந்துட்டு, எட்டு மாசம் ஒழுங்கா வெளிநோயாளியா வர்றவருக்கு, 90 நாள் அடைபட்டு வெளியே வந்ததும் மருந்தும் இல்லாம ஆளும் இல்லாம நிக்கிறவரைவிட நிலைமை நல்லா இருக்கும். வேலை, குடும்பம் ரெண்டும் இன்னும் கையில இருக்கறவர், வலிப்பு வந்த வரலாறோ விடிகாலைக் கை நடுக்கமோ இல்லாதவர் என்றால் தங்கவே வேண்டாம், வெளிநோயாளிச் சிகிச்சையே போதும். 2019ல வந்த தேசியக் கணக்கெடுப்புப்படி, மதுச் சார்பு (குடி இல்லாம இருக்க முடியாத நிலை) உள்ள 38 பேர்ல ஒருத்தர்தான் ஏதோ ஒரு சிகிச்சை எடுக்குறார். தங்கிச் சிகிச்சை எடுக்குறது 180 பேர்ல ஒருத்தர். மீதிப் பேர் எங்கயும் போகல. அதனால "சென்டருக்குப் போ, இல்லைன்னா எப்படியோ போ"ங்கிற பேச்சை நோட்டீஸ்ல எழுதாதீங்க. முதல் படி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுல ஒரு ஓபி சீட்டு.

மையத்தை நேர்ல பார்க்கப் போறப்ப சமையலறையையும் ராத்திரி ட்யூட்டி நோட்டையும் பாருங்க. மனநல மருத்துவர் வாரத்துல எந்தெந்த நாள் வர்றார், ராத்திரி 2 மணிக்கு ஒருத்தருக்கு வலிப்பு வந்தா யார் இருப்பாங்க, பயிற்சி பெற்ற செவிலியர் உண்டா? "முன்னாடி குடிச்சுத் திருந்தினவங்கதான் பாத்துக்குறாங்க"ன்னு மட்டும் சொன்னா போதாது. அவங்க துணைக்கு ரொம்ப உதவுவாங்க, ஆனா மருந்து குடுக்குற வேலை அவங்களோடது இல்லை. வீட்டாரைச் சேர்க்கும்போது ஒரு நாளும், கூட்டிட்டுப் போகும்போது ஒரு நாளும் மட்டும் கூப்பிடுற மையம் வேண்டாம். வாரம் ஒரு குடும்ப அமர்வாவது இருக்கணும்.

வரவே மாட்டேன்கிறவரை என்ன செய்றதுன்னு அடுத்து கேப்பீங்க. ஊர் கூடி உக்காந்து வெச்சு ஏசுறதுக்குப் பலன் குறைவு. அமெரிக்காவில 1999ல வந்த ஒரு ஒப்பீட்டு ஆய்வுல, வீட்டாருக்குப் பேசுற முறையைக் கத்துக் குடுத்த குழுவுல 64% பேர் குடிக்கிறவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்துட்டாங்க. எல்லாரும் சேர்ந்து முகத்துக்கு நேரா எச்சரிக்கிற முறையில 30%. வீட்டார் தங்களுக்கான ஆதரவுக் கூட்டத்துக்கு மட்டும் போன குழுவுல 13%. கத்துக் குடுக்குறது பெரிய வித்தை இல்லை. குடிக்காம இருக்குற நேரத்துல பேசுறது, குடிக்காத சாயங்காலத்துக்கு நல்ல சாப்பாடும் நல்ல முகமும், குடிச்சுட்டு வந்தா சண்டையும் இல்லை சேவகமும் இல்லை. வாந்தியைக் கழுவுறது, வேலைக்குப் போன் பண்ணி "காய்ச்சல்"னு பொய் சொல்றது, கடனை அடைக்கிறது இதெல்லாம் நிறுத்துறது. அவரே "இப்படியே போனா முடியாது"ன்னு சொல்ற அன்னைக்கு, மறுநாள் காலையிலயே கூட்டிட்டுப் போக ஏற்பாடு தயாரா இருக்கணும். மூணு நாள் தள்ளினா மனசு மாறிடும்.

மருந்தாளுநர் (தேவகோட்டை):

பொடி விஷயத்துக்கு வர்றேன், அதுதான் ஆபத்து. "சாப்பாட்டுல கலந்து குடுங்க, அவருக்கே தெரியாம மறந்துடுவார்"னு விக்கிறதுல என்ன இருக்குன்னு உறை மேல எழுதியிருக்காது. சிலதுல டைசல்ஃபிராம் இருக்கும். அது மதுவை உடம்பு முழுசா உடைக்க விடாம நடுவுல தடுக்குற மருந்து. அது உடம்புல இருக்கும்போது குடிச்சா முகம் சிவக்கும், வாந்தி, நெஞ்சு படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் இருக்கறவர் உயிரையே விடலாம். தெரியாம குடுக்குறது கொலைக்குச் சமம்னு நோட்டீஸ்ல தைரியமா எழுதுங்க.

அதே மருந்து, தெரிஞ்சு, சம்மதத்தோட, ஆள் பார்க்க எடுத்துக்கிட்டா நல்லா வேலை செய்யும். வழக்கமா தினம் 250 மி.கி. கடைசியாக் குடிச்சு குறைஞ்சது 12 மணி நேரம் ஆகியிருக்கணும். ஆரம்பிக்கும் முன்னாடி கல்லீரல் பரிசோதனை, ரெண்டு வாரத்துல மறுபடி ஒண்ணு. மாத்திரையை நிறுத்தின பிறகும் 14 நாள் வரைக்கும் அதோட வேகம் இருக்கும். "நேத்தே நிறுத்திட்டேன், இன்னைக்கு ஒண்ணு போடலாம்"னு நினைக்கிறவங்க இதுலதான் மாட்டுறாங்க. நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சுத் துப்புற பழக்கம் சகஜம், அதனால தண்ணியில கரைச்சு வீட்டுல ஒருத்தர் முன்னாடி குடிக்கச் சொல்றது நல்லது. இருமல் டானிக், ஆயுர்வேத அரிஷ்டம், ஷேவிங் லோஷன் இதுலயும் ஆல்கஹால் இருக்கு. அரிஷ்டத்தை யாருமே கணக்குல எடுக்குறதில்லை.

மத்த ரெண்டு மருந்து. நால்ட்ரெக்சோன் 50 மி.கி. தினம் ஒண்ணு: குடிக்கிற ஆசையையும் குடிச்சா வர்ற கிக்கையும் குறைக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலைன்னா முதல் வாரம் குமட்டும், பல பேர் அதுலயே விட்டுடுறாங்க. அகாம்ப்ரோசேட் 333 மி.கி. மாத்திரை ரெண்டு ரெண்டா மூணு வேளை: கிட்னி நல்லா இருக்கணும், ஆறு மாத்திரைங்கிறதால மறக்குறதும் அதிகம். பலன் எவ்வளவுன்னா, சுமார் 12 பேருக்கு அகாம்ப்ரோசேட் குடுத்தா அதனால ஒருத்தர் கூடுதலாக் குடிக்காம இருக்கார். நால்ட்ரெக்சோன்லயும் அதிகக் குடிக்குத் திரும்புறதைத் தடுக்குற கணக்கு ஏறக்குறைய அதே 12. சின்ன எண்ணாத் தெரியும், ஆனா தினம் நாம விக்கிற பல மாத்திரைகளோட பலனுக்கு இது குறைஞ்சதில்லை. கொடுமை என்னன்னா, 90 நாள் மையத்துலேர்ந்து வர்ற சீட்டுகள்ல இந்த மூணுல ஒண்ணுகூட இல்லாம, வெறும் சத்து மாத்திரையும் தூக்க மாத்திரையும் மட்டும் இருக்கும். தூக்க மாத்திரை அடுத்த அடிமைத்தனம்.

வலி மாத்திரைப் பையன் முழுக்க வேற கணக்கு. டேபெண்டடால்ங்கிற வலி மாத்திரை ஓபியம் வகை மாதிரியே வேலை செய்யுற மருந்து. 50, 75, 100 மி.கி.ன்னு வரும். அதைப் பொடிச்சு, தண்ணியிலயோ சலைன்லயோ கரைச்சு நரம்புல ஏத்துறாங்க. மாத்திரையில மருந்து மட்டும் இல்லை, மாவும் பசையும் இருக்கு. அது சின்ன ரத்தக் குழாய்களை அடைச்சுடும். முழங்கை உள்பக்கம் கயிறு மாதிரி தடிச்ச நரம்பு, சீழ்க்கட்டி, கை வீக்கம் இதெல்லாம் அதோட அடையாளம். ஒரே ஊசியை நாலு பேர் பகிர்ந்தா ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி ரெண்டும் வரலாம். பரிசோதனையை முதல் நாளே செஞ்சுடணும்.

இவங்களுக்கு முக்கியமான சிகிச்சை புப்ரெனார்ஃபின்-நலாக்சோன், நாக்குக்கு அடியில வெக்கிற மாத்திரை. இதுவும் ஓபியம் வகைதான், ஆனா ஊசி தேடுற ஆசையை அடக்கி வெக்கும். 2 மி.கி. அளவுல ஆரம்பிப்பாங்க. கொட்டாவி, மூக்கு ஒழுகல், மயிர்க்கூச்சு, கால் குடைச்சல்னு விலகல் அறிகுறி (போதை இறங்கும்போது உடம்புல வர்ற தொல்லை) தெளிவாத் தெரிஞ்ச பிறகுதான் முதல் மாத்திரை. அவசரப்பட்டு முன்னாடியே குடுத்தா அதுவே விலகல் அறிகுறியைத் திடீர்னு கிளப்பிவிடும், பையன் "இந்த மருந்து ஆகாது"ன்னு ஓடிடுவான். இது சாதா மருந்துக்கடையில கிடைக்காது, அனுமதி பெற்ற இடத்துலதான் தருவாங்க. ஒரு வருஷத்துக்குக் குறையாம எடுக்கணும். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா"ன்னு கேக்குறவங்க மையத்துக்குள்ளேயே இருக்காங்க, அவங்க பேச்சைக் கேட்டு நிறுத்தினவங்க பலர் ஊசிக்குத்தான் திரும்புறாங்க.

கஞ்சாவுக்கு அங்கீகரிச்ச மாத்திரைன்னு எதுவும் இல்லை. எரிச்சல், தூக்கமின்மை முதல் வாரம் உச்சம், ரெண்டு வாரத்துல அடங்கும். ஆனா "யாரோ பேசுறாங்க, எல்லாரும் என்னைக் கண்காணிக்கிறாங்க"ன்னு பையன் சொல்ல ஆரம்பிச்சா மறுவாழ்வு மையம் தேடாதீங்க, அன்னைக்கே மனநல மருத்துவர்.

திருப்பத்தூர் வக்கீல்:

வண்டி விஷயம் மட்டும் சொல்கிறேன்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது மற்றும் போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. ஆகவே இவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அறக்கட்டளைப் பதிவுப் பத்திரத்தையோ சங்கப் பதிவையோ காட்டினால் அது இது அல்ல.

சுய விருப்பத்தில் சேர்ந்தவர் பிரிவு 86இன் கீழ் வருகிறார். அவர் போக வேண்டும் என்றால் விட வேண்டும். தேவையிருந்தால் மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் மட்டும் நிறுத்தலாம். விருப்பமில்லாதவரைச் சேர்ப்பது பிரிவு 89. அதற்கு அவருடைய நியமனப் பிரதிநிதி (சிகிச்சை முடிவுகளில் அவருக்குத் துணையாகச் சட்டப்படி குறிக்கப்பட்டவர்) விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மனநலப் பணியாளர் அல்லது மருத்துவரும் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அதுவும் சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ. தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை என்று அவர்கள் எழுத வேண்டும். இந்தப் பிரிவில் உச்ச அளவு 30 நாள். மனநல மறுஆய்வு வாரியத்துக்கு ஏழு நாளில், பெண் என்றால் மூன்று நாளில் தகவல் போக வேண்டும். இரவு 11 மணிக்கு நாலு தடியர்கள் வந்து கையைக் கட்டித் தூக்கிப்போவதற்கும் "90 நாள் பேக்கேஜ்" கட்டாயத்துக்கும் இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. மனைவி கையெழுத்துப் போட்டாலும் செல்லாது.

சங்கிலி கட்டுவது பிரிவு 95இல் தடை. நம் பக்கத்து மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள் என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. கட்டாய மொட்டை, கூலியில்லாத கட்டாய வேலை இரண்டும் பிரிவு 20க்கு எதிரானவை. போனில் பேசவும் பார்வையாளரைச் சந்திக்கவும் பிரிவு 26 உரிமை தருகிறது. "முதல் மாதம் யாரும் பார்க்கக் கூடாது" என்று சொல்லும் இடத்தில் ஏன் என்று கேளுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெரியவர்களோடு வைக்கக் கூடாது, பெற்றோரோ அவர்கள் ஏற்பாடு செய்யும் துணையோ முழுக்கக் கூடவே தங்க வேண்டும்.

பையன்களின் வீட்டில் போலீஸ் பயம் இருக்கும். போதைப்பொருள் சட்டம் 1985, பிரிவு 64ஏ: பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தாமாகச் சிகிச்சைக்குப் போனால் அந்த வழக்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் விலக்குத் திரும்பப் பெறப்படும். பதிவில்லாத மையத்துச் சீட்டு இதற்கு உதவாது.

ஊருணிக்கரை:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இன்னும் ரெண்டு. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை மாலை போட்டா நம்ம பக்கம் பல பேர் அன்னைக்கே குடியை நிறுத்திடுறாங்க. அதையே ஒரு வழியா நோட்டீஸ்ல சொல்லலாமா? அப்புறம், வீட்டுலயே வெச்சு நிறுத்த முடியாதா?

மனநலச் செவிலி:

சொல்லலாம், ஆனா அதுல ஒரு பள்ளம் இருக்கு. தினம் குடிக்கிறவர் மாலை போட்ட அன்னைக்கே டக்குன்னு நிறுத்தினா ரெண்டாம் மூணாம் நாள்தான் ஆபத்து. அப்ப அவர் வீட்டுல விரதத்துல இருப்பார், இல்லை ரோட்டுல நடந்துக்கிட்டு இருப்பார்.

கால அட்டவணை இப்படிப் போகும். கடைசிக் குடிக்கு 6 முதல் 8 மணி நேரத்துல கை நடுக்கம், வேர்வை, குமட்டல். 12 முதல் 48 மணிக்குள்ள வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணிக்குள்ள குழப்பம், இல்லாத பூச்சியையும் ஆளையும் பார்க்குறது, காய்ச்சல், படுக்கையில கிடக்காம ஓடுறது. இந்தக் கடைசி நிலை உயிரை எடுக்கும். ஊர்ல இதைப் பேய் பிடிச்சதுன்னு சொல்லி மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறதால ஒரு நாள் வீணாகும், அந்த ஒரு நாள்தான் முக்கியம்.

யாரை வீட்டுல வெச்சு நிறுத்தலாம், யாரைக் கூடாதுன்னு பார்க்க எளிய வழி இருக்கு. கடை ராத்திரி 10க்கு மூடி மறுநாள் மதியம் 12க்குத் திறக்குது. அந்த 14 மணி நேரத்தை ஆள் எப்படித் தாண்டுறார்னு பாருங்க. நல்லாத் தூங்கி எழுந்து, நடுக்கம் இல்லாம டீ டம்ளரைப் பிடிச்சு வேலைக்குப் போறவர்னா மருத்துவரைப் பார்த்து வெளிநோயாளியா மாத்திரையோட வீட்டுலயே நிறுத்தலாம். விடிகாலை எழுந்ததும் கை உதறி, பிளாக்ல வாங்கி ஒரு கட்டிங் போட்டாத்தான் நிதானத்துக்கு வர்றவர்னா ஆஸ்பத்திரியில வெச்சுத்தான் நிறுத்தணும். முன்னாடி ஒரு தடவையாவது வலிப்பு வந்திருந்தா விவாதமே வேண்டாம். அளவும் கவனிங்க: 180 மில்லி குவார்ட்டர்ல 42.8% சரக்குன்னா சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். ரெண்டு குவார்ட்டர்காரர் தினம் 120 கிராம் உள்ள தள்ளுறார். டாக்டர்கிட்ட "கொஞ்சமாக் குடிப்பார்"னு சொல்லாம குவார்ட்டர் கணக்காச் சொல்லுங்க, மாத்திரை அளவு அதை வெச்சுத்தான் முடிவாகும். குளோர்டயசிபாக்சைடு மாதிரி மருந்தை முதல் நாள் கூடுதலாக் குடுத்து, 5லேர்ந்து 7 நாள்ல படிப்படியாக் குறைச்சு நிறுத்துவாங்க. கல்லீரல் ரொம்பக் கெட்டிருந்தா லோராசிபாம்.

இன்னொரு விஷயம், இது நோட்டீஸ்ல கட்டாயம் வரணும். நடுக்கத்தோட சோர்ந்து கிடக்கறவரைத் தெருமுனை கிளினிக்குக் கூட்டிட்டுப் போய் "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க டாக்டர்"னு நாமளே கேக்குறோம். நாள்பட்ட குடிகாரர் உடம்புல தயமின், அதாவது பி1, காலியா இருக்கும். தயமின் ஊசி போடாம குளுக்கோஸ் ஏறினா மூளை பாதிக்கும். கண் ஆடும், நடை தள்ளும், நினைவு நிரந்தரமாப் போகலாம். "இவர் தினம் குடிக்கிறவர், முதல்ல தயமின் போடுங்க"ன்னு கூட வர்றவர் வாய் திறந்து சொல்லணும்.

மாலைக்குத் திரும்பி வர்றேன். மாலை போடுற தேதிக்குப் பத்து நாள் முன்னாடி டாக்டரைப் பாத்து, மாத்திரையோட நிறுத்தி முடிச்சுட்டு, அப்புறம் மாலை போடட்டும். விரத நாள்கள்ல மனசு திடமா இருக்கும், கூட நடக்குறவங்களும் குடிக்காதவங்க, வீட்டுல சண்டையும் இருக்காது. கவுன்சிலிங்கும் நால்ட்ரெக்சோனும் ஆரம்பிக்க இதைவிட நல்ல காலம் கிடைக்காது. மாலை கழட்டுற தேதிதான் கண்டம். அந்த வாரத்துக்கு ஒரு ஓபி தேதியை முன்கூட்டியே வாங்கி வெச்சுடுங்க.

ஊசி போடுற பையன்களுக்குக் கண்டம் வேற இடத்துல. மையத்துலேர்ந்து வெளியே வந்த முதல் நாலு வாரம். உள்ளே இருந்த நாள்ல உடம்பு பழைய அளவைத் தாங்குற சக்தியை இழந்திருக்கும். "நான் பத்து மாத்திரைக்காரன்"னு பழைய அளவையே ஏத்தினா மூச்சு நின்னுடும். உதடு நீலம், கண்மணி ஊசிமுனை அளவு, குறட்டை மாதிரி இழுப்பு, எழுப்பினா எழாம கிடக்குறது இதெல்லாம் பார்த்தா இடதுபக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108 கூப்பிடணும். ஆஸ்பத்திரியில நலாக்சோன் (ஓபியம் வகையோட வேகத்தை முறிக்கிற மருந்து) ஊசி போட்டா நிமிஷத்துல மூச்சு திரும்பும். தூங்கட்டும்னு விடக் கூடாது. கூட இருந்த பையன்கள் போலீஸுக்குப் பயந்து ஓடிடுறதுதான் பல சாவுக்குக் காரணம்.

செக்காலைக்காரன்:

இவ்வளவு மருந்து எதுக்குங்க? ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையாக் கூடுற குழு) மீட்டிங் போனவங்க மாத்திரை இல்லாமலே வருஷக்கணக்கா நிக்கிறாங்க. காசும் கிடையாது. மருந்துன்னு ஆரம்பிச்சாலே வியாபாரம்தான்.

ஆற்றுப்படுத்துநர் (சிவகங்கை):

அண்ணே, ஏஏவை யாரும் குறை சொல்லலை. 2020ல வந்த பெரிய தொகுப்பாய்வுல, அந்தப் பாதைக்கு முறையா அனுப்பி வெச்சவங்கள்ல ஒரு வருஷம் தொடர்ந்து குடிக்காம இருந்தது 42%, மத்த உளவியல் சிகிச்சைகள்ல 35%. அதனால கூட்டத்துக்கு அனுப்பத்தான் சொல்றோம். ஆனா "போங்க"ன்னு வாயால சொல்றதுக்கும், முதல் கூட்டத்துக்கு ஒரு பழைய உறுப்பினர் வீட்டு வாசல்ல வந்து கூட்டிட்டுப் போறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். மருந்தை ஏஏ தடை பண்ணலை, அது டாக்டர் பாடுன்னுதான் அவங்க நிலை. சில குழுவுல சிலர் "மாத்திரை போட்டா நீ சுத்தம் இல்லை"ன்னு சொல்றது அவங்க சொந்தக் கருத்து. மாத்திரைப் பையன்களுக்கு அந்தக் கருத்து உயிருக்கே ஆபத்து.

செலவு பற்றி: அரசு மருத்துவமனை ஓபி இலவசம். மத்திய சமூகநீதி அமைச்சக நிதியில தொண்டு நிறுவனங்கள் நடத்துற ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்கள்லயும் கட்டணம் இல்லை. 14446 போதை மீட்பு உதவி எண், கட்டணமில்லை, பக்கத்துல எது இருக்குன்னு கேட்டுக்கலாம். ராத்திரி ஆள் தற்கொலை, அது இதுன்னு பேசினா டெலி மானஸ் 14416. இந்த ரெண்டு எண்ணையும் நோட்டீஸ்ல பெரிய எழுத்துல போடுங்க. கிராமத்துலயே முகாம் போட்டுச் சிகிச்சை தர்ற முறைக்கும் நம்ம மாநிலத்துல நல்ல முன்மாதிரி இருக்கு. 1980ல சென்னையில சாந்தி ரங்கநாதன் தொடங்கின டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை மஞ்சக்குடியில அப்படி முகாம் நடத்தியிருக்கு. ஊரே பார்த்துக்குற ஏற்பாடு, முடிஞ்சதும் தொடர் கவனிப்பும் அதே ஊர்ல. உங்க மன்றத்துக்கு அந்த மாதிரி வேலைதான் பொருந்தும்.

வெளியே வந்தவருக்கு மன்றம் செய்யக் கூடியது நிறைய. பட்டறைச் சனிக்கிழமைச் சம்பளத்தைக் கையில வாங்காம மனைவி கணக்குல போடச் சொல்லி முதலாளிகிட்ட பேசுங்க. சாயங்காலம் 6லேர்ந்து 9 வரைக்கும் ஒரு வேலை வேணும், அந்த மூணு மணி நேரம்தான் அதிகம் சறுக்குற நேரம். பையன்களுக்கு ஊருணிக்கரையும் பூட்டிக் கிடக்குற பெரிய வீட்டுப் பின்கட்டும்தான் பழைய கூட்டாளி கூடுற இடம். அந்த வழியாப் போகாம வேலைக்குப் போக வழி இருக்கான்னு உக்காந்து வரைபடம் போட்டே பாக்கணும். கல்யாண வீடு, சிராவயல் மஞ்சுவிரட்டு, சிங்கப்பூர்லேர்ந்து மச்சான் பாட்டிலோட லீவுல வர்ற நாள், இதெல்லாம் தேதி தெரிஞ்ச ஆபத்து. முதல் வருஷம் போகாம இருக்கட்டும், போனா குடிக்காத ஒருத்தரோட போய், பந்தி முடிஞ்சதும் கிளம்பிடட்டும். ஒரு நாள் சறுக்கினா 24 மணி நேரத்துக்குள்ள ஆற்றுப்படுத்துநருக்குப் போன் போகணும். ஒரு நாளோட நிறுத்தினா சறுக்கல்தான். "போச்சு, எல்லாம் போச்சு"ன்னு ஒரு வாரம் குடிச்சாத்தான் பழைய நிலை.

திருப்பத்தூர் வக்கீல்:

ஒரு சேர்க்கை. காப்பீடு இருக்கிறது என்று நம்பிப் பெரிய மருத்துவமனையில் சேர்ப்பவர்கள் உண்டு. மனநோய்க்கும் உடல் நோய்க்கும் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் பிரிவு 21(4) சொல்கிறது. ஆனால் பல பாலிசிகளில் விலக்கு எண் 12 என்ற தலைப்பில் மது, போதைப் பழக்கச் சிகிச்சையும் அதன் விளைவுகளும் சேராது என்று அச்சாகியிருக்கும். பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

ஊருணிக்கரை:

கடைசியா ஒண்ணு. சிறுநீர்ப் பரிசோதனை கிட் ஆன்லைன்ல கிடைக்குது. மன்றத்துலயே வாங்கி ஞாயித்துக்கிழமை பையன்களை டெஸ்ட் பண்ணலாம்னு சிலர் சொல்றாங்க.

மருந்தாளுநர் (தேவகோட்டை):

வேண்டாம் தம்பி. சாதாரண கிட்ல ஓபியத்துக்கான ஸ்ட்ரிப் மார்ஃபின் வகையைத்தான் பிடிக்கும், டேபெண்டடால் அதுல தெரியாது. தினம் ஊசி போடுற பையன் "சுத்தம்"னு வருவான். கஞ்சா மட்டும், தினம் இழுத்தவன் நிறுத்தி ஒரு மாசம் ஆன பிறகும் காட்டலாம். நிஜமா விட்டவன் மாட்டுவான், விடாதவன் தப்பிப்பான். தெருவுல பேர் கெட்ட பையன் அடுத்த வாரம் ஓபிக்கே வரமாட்டான். சோதனை வேணும்னா டாக்டர் எழுதட்டும், எந்த மருந்தைத் தேடுறோம்னு ஆய்வகத்துக்குப் பேர் குறிப்பிட்டு அனுப்பட்டும், முடிவு அவனுக்கும் டாக்டருக்கும் மட்டும் போகட்டும். கிட்டுக்கு ஒதுக்கின காசை ஓபி நாளுக்குச் சிவகங்கை பஸ் கட்டணமாக் குடுங்க. முதல் மூணு மாசம் யார் கூடப் போறதுன்னு முறை போட்டு நோட்டீஸோட பின்பக்கத்துல எழுதிடுங்க.